பெயர் சொல்லும் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு அடுத்த மாதம் தொட்டில் போட்டுப் பெயர் சூட்ட இருக்கிறோம். சிறுவயது முதலே சூப்பர்மேன் சித்திரக்கதைகளில் ஊறிய என் கணவர், அந்த நாயகன் பிறந்த கிரகத்தில் அவனுக்கு இட்ட பெயரான 'கால்-எல்' என்பதைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மாமியாரோ, "காலும் கையும் ஒரு பெயரா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?
– வாசகி, திருவையாறு

பதில்: இந்த ஆசை முதலில் உங்கள் கணவருக்கு வந்ததன்று. ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ், 2005-இல் பிறந்த தம் மகனுக்கு இதே பெயரைச் சூட்டினார். லூக் கேஜ் என்னும் காமிக்ஸ் நாயகனின் மீதிருந்த பிரியத்தால் தம் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டவர் அவர் என்பதால், அந்த வீட்டில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். திருவையாற்றில் நிலைமை வேறு. பையன் பள்ளிக்கூடம் போகிற முதல் வாரத்திலேயே 'அரைக்கால்', 'முக்கால்' என்று வாய்ப்பாடு முழுவதையும் அவன் தலையில் ஏற்றிவிடுவார்கள். அந்த அளவில் உங்கள் மாமியார் சொல்வதே சரி.

ஆனால் அந்தப் பெயரைத் தமிழாகவே படித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழந்தமிழில் 'கால்' என்றால் காற்று. 'எல்' என்பதற்கு ஒளி என்று தொல்காப்பியமே பொருள் சொல்கிறது, கதிரவனுக்கும் பகலுக்கும்கூட அச்சொல் வழங்கியது. 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உலகுக்குக் கொடுத்த நாயகன் காற்றில் பறக்கிறான். பின்னாளில் அவன் கதையை வளர்த்தவர்கள், நம் சூரியனின் மஞ்சள் ஒளியிலிருந்தே அவனுக்கு வலிமை வருவதாக எழுதினார்கள். இது தற்செயல்தான், சொல்லாராய்ச்சி என்று எடுத்துக்கொண்டு யாரிடமும் வாதாட வேண்டாம். ஆயினும் உங்கள் கணவருக்கு அந்த நாயகனிடம் பிடித்தது கதிரவனிடமிருந்து பெற்ற வலிமைதான் என்றால், 'பரிதி' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பந்தர் பாடிய திருப்பரிதிநியமத்தில் இறைவனுக்கே பரிதியப்பர் என்று பெயர் என்பதை மாமியாரிடம் சொன்னால், அவர் மறுப்பதற்கு இடமிருக்காது. குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லப்போகிறவர் அவரோ உங்கள் நாத்தனாரோதான் என்பதால், அவர்கள் வாய்க்கு வழங்குகிற பெயராக இருப்பது நல்லது. என் தங்கை மகனுக்குப் பெயர் சூட்டிய அன்று, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் மாப்பிள்ளை விரலால் எழுதிக்கொண்டே போக, இடம் போதாமல் பெயரின் கடைசி எழுத்து விளிம்பில் ஏறி நின்றது. அந்தப் பெயரை இன்றுவரை வீட்டில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமே தவிர, பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரையிலும் பெயரைச் சேர்க்க வழியுண்டு. ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு.

கேள்வி: என் பேரனுக்கு ஸ்பைடர்மேன் நினைவாக 'பீட்டர்' என்று பெயரிட மகள் விரும்புகிறாள். நாங்கள் பெருமாள் கோயில் குடும்பம். அவள் மனம் கோணாமல் வேறு பெயர் சொல்ல முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பீட்டர் நல்ல பெயர்தான்; தஞ்சையிலும் வேளாங்கண்ணியிலும் தலைமுறைகளாக வழங்கி வருவது. அதனாலேயே, அதைக் கேட்கிற எவருக்கும் 1962-இல் பிறந்த சிலந்தி நாயகன் நினைவுக்கு வரமாட்டான். பையன் நாலு வார்த்தை ஆங்கிலம் பேசினால், 'பீட்டர் விடுகிறான்' என்று கேலி செய்வதற்குத்தான் அது பயன்படும். 2004-இல் அந்த நாயகனை இந்தியனாக்கி எழுதியவர்கள், பீட்டர் பார்க்கர் என்பதைப் 'பவித்ர் பிரபாகர்' என்று மாற்றினார்கள். ஓசையைப் பிடித்தார்களே ஒழிய, சிலந்தியை விட்டுவிட்டார்கள்.

சிலந்தியைத் தேடி நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை, திருவானைக்காவரை போனால் போதும். அங்கே வெண்ணாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி வலையால் பந்தலிட்டது. நீராட்ட வந்த யானை அதை அசுத்தமென்று எண்ணி அழித்தது. மறுபடி பின்னிய வலையையும் யானை அழிக்கவே, சினந்த சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்தியே சோழ அரசி கமலவதியின் வயிற்றில் வந்து பிறந்தது என்றும், நல்ல நேரம் வரும்வரை பிரசவத்தைத் தள்ளிப்போட அரசி தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொன்னதால் குழந்தையின் கண்கள் சிவந்திருந்தன என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அவர்தான் கோச்செங்கட் சோழர். அவர் எழுப்பியவை என்று சொல்லப்படும் மாடக்கோயில்களில் யானை ஏற முடியாதபடி படிகள் அமைந்திருப்பதற்கு, முற்பிறவிப் பகையே காரணம் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அமெரிக்கப் பையன் சிலந்தி கடித்து வல்லமை பெற்றவன். நம்மவரோ சிலந்தியாகவே இருந்து பிறவி மாறியவர்.

ஆகவே 'செங்கண்ணன்' என்று வையுங்கள். திருமாலுக்கும் செங்கண்மால் என்ற பெயர் உண்டு என்பதால், ராஜகோபாலன் சந்நிதியில் அர்ச்சனைக்குச் சொல்லவும் தயக்கமிராது. நாச்சியார்கோயில் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வாரே, இந்தச் சோழர் ஈசனுக்கு எழுபது மாடங்கள் எடுத்ததைப் போற்றியிருக்கிறார். மகளிடம் சிலந்திக் கதையை முதலில் சொல்லிவிட்டு, பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்.

கேள்வி: காமிக்ஸ் நாயகர்களின் பெயர்களில், ஆண் என்றால் தோர், பெண் என்றால் டயானா என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் கருத்து?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: 1941-இல் வந்த வொண்டர் உமனின் பெயரான டயானாவுக்கு உங்கள் ஊரில் ஒரு தடையும் இல்லை; தெருவுக்கு ஒரு டயானா ஏற்கெனவே இருப்பாள். தோர் வேண்டாம். எழுத்தில் இடையின 'ர்' போட்டாலும், நம் பேச்சில் அது வல்லின 'ற்' ஆகிவிடும். கபடி ஆடுகிற பையனை அம்மா வாசலிலிருந்து "தோற், தோற்" என்று கூப்பிட்டால் அவன் எப்படி ஜெயிப்பான்? காமிக்ஸ் நாயகன்தான் வேண்டுமென்றால், கைகளில் கத்தி போன்ற நகங்கள் நீளும் வுல்வரினின் பெயரான 'லோகன்' இருக்கிறது. லோகநாதன் என்று பதிந்துவிட்டு, வீட்டில் லோகன் என்று கூப்பிடலாம், பாட்டிக்கும் சந்தேகம் வராது. நகத்தை மட்டும் வாரம் தவறாமல் வெட்டிவிடுங்கள்.