வேறு மாநிலத்துக்குக் குடிவந்தால் தத்தெடுப்பு வரிசையில் இடம் போய்விடுமா?

கேள்வி: புனேயில் இருந்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, குழந்தை தத்தெடுக்கப் பதிவு செய்தோம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, மகாராஷ்டிர மாநிலம் என்று விருப்பம் கொடுத்திருந்தோம். எங்கள் வீட்டையும் குடும்பத்தையும் நேரில் பார்த்து அறிக்கை எழுதும் ஹோம் ஸ்டடியும் அங்கேயே முடிந்தது. இப்போது கணவருக்கு மாற்றலாகித் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். "பழையதை ரத்து பண்ணிட்டு நம்ம ஊர்லயே புதுசா எழுதிப் போடுங்க" என்கிறார் மாமியார். பதிவு செய்தபோது எனக்கு வயது 39, கணவருக்கு 43. என்ன செய்யலாம்?

பதில்: ரத்து மட்டும் செய்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

உங்கள் பதிவு மகாராஷ்டிர அரசிடம் இல்லை. மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் கேரிங்ஸ் தளத்தில் இருக்கிறது. நாடு முழுமைக்கும் அந்த ஒரு தளம்தான். வீடு மாறியதால் சீனியாரிட்டி அறுந்துபோகாது. புதிதாகப் போட்டால்தான் சிக்கல். 2022 விதிமுறைகளின்படி, இரண்டு வயது வரையிலான குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85க்கு மேல் போகக்கூடாது. பார்க்கப்படுவது பதிவு செய்த நாளின் வயது. அன்று உங்கள் இருவருக்கும் சேர்த்து 82. இன்று 86. புதுப் பதிவு என்றால் கைக்குழந்தைக்கான தகுதியே போய்விடும். இரண்டிலிருந்து நான்கு வயது வரையிலான பிரிவுதான் கிடைக்கும். காத்திருந்த இரண்டு ஆண்டும் வீண்.

அடுத்தது, பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். முகவரி மாற்றம் வேறு, மாநில விருப்ப மாற்றம் வேறு. முகவரியை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். விருப்ப மாநிலத்தைப் பதிவு செய்த 60 நாட்களுக்குள் ஒருமுறைதான் பாதிப்பில்லாமல் மாற்ற முடியும். அதற்குப் பிறகு மாற்றினால், புதிய மாநில வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். தளத்தில் முகவரியைத் திருத்தும்போது 'எதற்கும் இதையும் மாற்றிவைப்போம்' என்று தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு தலையில் கைவைத்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக் குழந்தை வேண்டும் என்ற மாமியாரின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வயதுக் குழந்தை ஆறு மாதத்தில் அவரிடமே தமிழில் அடம்பிடிக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகாராஷ்டிரத்தைத் தொடமாட்டேன்.

இனி ஹோம் ஸ்டடி. அந்த அறிக்கை மூன்று ஆண்டுகள் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் அதில் எழுதியிருப்பது புனே வீடு, புனே அக்கம்பக்கம். புனேயில் ஆய்வு செய்த தத்தெடுப்பு நிறுவனத்துக்கு மாற்றலை எழுத்தில் தெரிவியுங்கள். வாடகை ஒப்பந்தத்தைத் தளத்தில் ஏற்றி, இங்கே அறிக்கையைப் புதுப்பிக்கக் கேளுங்கள். எங்கே கேட்பது? நாம் பேச்சுக்குச் சென்னை என்கிறோம், ஆனால் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். ஆகவே அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் உங்களுக்கு. (ஆவடிக்காரர்கள் திருவள்ளூர்.) வாடகை வீடு என்று தயங்க வேண்டாம், சொந்த வீடு இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சின்ன விஷயம் ஒன்று, பெரிய நஷ்டம் தரக்கூடியது: தளத்தில் கொடுத்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? வேலை மாறும்போது ஆபீஸ் மின்னஞ்சல் போய்விடும். குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்கென்று தளத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று முறைதான் அப்படி வரும். அதில் ஒன்று பார்க்காமலேயே கழிந்துவிடக்கூடாது. ஒதுக்கிய பின் நேரில் போய்க் குழந்தையைப் பார்த்து முடிவெடுக்க 30 நாள் உண்டு. மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டியும் கேட்கலாம்.

மகாராஷ்டிரத்தில் குழந்தை அமைந்தால், தத்து ஆணையும் குழந்தை இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடமிருந்துதான் வரும். முன்பு நீதிமன்றம் தந்ததை, 2021 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஆட்சியர் தருகிறார். ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்கு முன்பே வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரலாம். பயணச் செலவையும் லீவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

கைக்குழந்தைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பது இன்று சாதாரணம். பதிவு செய்தவர்கள் ஏராளம், சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைகள் குறைவு. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குள் என்றால் பெற்றோரைத் தேட இரண்டு மாதம், பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தை என்றால் அவர்கள் மனம் மாற 60 நாள். அதன் பிறகுதான் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்க முடியும். இந்தத் தாமதத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன். பெற்ற தாய்க்கு அந்த இரண்டு மாதம் வேண்டும்.

இடையில் யாராவது, "தெரிந்த நர்ஸ் ஒருத்தர் இருக்கிறார், ஆஸ்பத்திரியிலேயே வாங்கித் தருவார்" என்று சொல்லக்கூடும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். 2019இல் ராசிபுரம் குழந்தை விற்பனை விவகாரம் வெடித்தது நினைவிருக்கும்.

குழந்தை வந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அதற்குள் கணவருக்கு மறுபடி மாற்றல் வந்தால், ஹோம் ஸ்டடி செய்த நிறுவனத்துக்கும், போகும் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.