டெல்லி நேர்காணல் – கடிதம்

வணக்கம் ஐயா,

யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறிவிட்டேன். அடுத்த மாதம் டெல்லியில் நேர்காணல். அதையும் தமிழிலேயே கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். அப்பா சிவகாசியில் பட்டாசு ஆலை போர்மேன். பட்டாசைப் பற்றிக் கேட்டால் எந்தப் பக்கம் பேசுவது? தினமும் நான்கு நாளிதழ் படித்தும் போதாது போலிருக்கிறது.

எம்., சாத்தூர்

அன்புள்ள எம்.,

வாழ்த்துகள். நாளிதழ் இரண்டு போதும்.

தமிழில் எழுதியவர் தமிழிலேயே பேச விதியில் இடமிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவருக்காகச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இழுத்துக்கொண்டே போனால் அவர், பாவம், பாதியை விட்டுவிடுவார், நஷ்டம் உங்களுக்கு.

எழுத்துத் தேர்வில் சோதித்த அறிவை மறுபடி சோதிப்பதற்கல்ல நேர்காணலுக்கான இந்த 275 மதிப்பெண் என்று தேர்வு அறிவிக்கையே சொல்கிறது. குழுவின் கையில் இருப்பது நீங்கள் நிரப்பிய விரிவான விண்ணப்பம். மாதிரி நேர்காணல்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பொழுதுபோக்கு ‘தோட்டக்கலை’ என்று எழுதியிருந்த ஒரு பையனிடம், “மல்லிகைக்கு எப்போது கவாத்து?” என்று கேட்டோம். “இயற்கையை நேசிப்பது...” என்று ஆரம்பித்தான். “தெரியவில்லை சார், வீட்டில் ரோஜா மட்டும்தான்” என்றிருந்தால் பேச்சு ரோஜாவுக்குப் போயிருக்கும்.

சரி, பட்டாசு. உங்களைக் கேட்காமல் விடமாட்டார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசை முழுக்கத் தடை செய்யவில்லை. பேரியம் உப்பு என்ற ரசாயனத்தையும் சரவெடியையும் தடுத்தது, புகை குறைவான பசுமைப் பட்டாசை அனுமதித்தது. இது எல்லாருக்கும் தெரியும். சரவெடி நின்றதும் உங்கள் தெருவில் யாருக்கு வேலை போனது, அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள். ஆனால் ஆலைக்கு வக்கீலாகிவிட வேண்டாம். எதிரே இருப்பவர்கள் நவம்பர் மாத டெல்லிக் காற்றை அனுபவித்தவர்கள். ஆலை விபத்துகளை நீங்களே எடுத்துப் பேசினால் உங்கள் சொல்லுக்கு எடை கூடும். அப்புறம், விருதுநகர் ஏன் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில், அதாவது வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில், இருக்கிறது என்றும் கேட்கலாம். காமராஜர் பிறந்த ஊர் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

மாதிரி நேர்காணல் இரண்டு போதும். அதற்கு மேல் போனால் பதில்கள் ஒப்பிப்பாகிவிடும். அந்த நேரத்தில் அப்பாவிடம் கேளுங்கள்: கலவை அறையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர், மழைநாளில் கூலி உண்டா, உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு. மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால், அந்தத் தயக்கம் ஏன் என்றும் கேளுங்கள்.