பழைய பிரவுசரை விடாத அலுவலகங்கள்

கேள்வி: வீட்டில் குரோம் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. அலுவலகத்திலோ இன்னும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத்தான் திறக்கச் சொல்கிறார்கள். மாற்றக் கேட்டால் ‘சாஃப்ட்வேர் ஓடாது’ என்று பதில் வருகிறது. உண்மையா? – வாசகி, கோவை

பெரும்பாலும் உண்மைதான். சிக்கல் பிரவுசரில் இல்லை; அதற்குள் ஓடும் அலுவலக மென்பொருளில் இருக்கிறது. 2001-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தபோது சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு போன்றவற்றுக்கு மென்பொருள் எழுதியவர்கள் பலரும் அந்த ஒரு பிரவுசரை மட்டுமே கணக்கில் வைத்தார்கள். பக்கத்திலிருந்தே ஸ்கேனரை இயக்கவும், டிஜிட்டல் கையொப்பம் உள்ள சிறு யுஎஸ்பி கருவியான டோக்கனைப் படிக்கவும் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை நிரலைச் சேர்த்தார்கள். குரோமில் அது ஓடாது. பக்கத்துக்குள் ஓடும் ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரலை நம்பியவர்களுக்கும் இதே கதிதான்: அதற்கு வேண்டிய பிளக்-இன் வசதியைக் குரோம் 2015-இலும் ஃபயர்பாக்ஸ் 2017-இலும் எடுத்துவிட்டன.

திருத்தி எழுதலாமே என்றால், எழுதிக் கொடுத்த நிறுவனம் பல இடங்களில் மூடப்பட்டிருக்கும், மூல நிரலும் கையில் இருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு திரையையும், ஒவ்வொரு அறிக்கையின் அச்சையும் மறுபடி சோதிக்க வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் நின்றுபோனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பயந்தே பல மேலாளர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் அந்த மென்பொருளைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

ஒரு நாடே இப்படி மாட்டிக்கொண்டதும் உண்டு. 1990-களின் இறுதியில் தென்கொரியா ‘சீட்’ என்ற சொந்த மறையாக்க முறையை உருவாக்கி, ஆக்டிவ்எக்ஸ் வழியாக வங்கிப் பக்கங்களில் சேர்த்தது. பயனர் யார் என்பதை இணையத்தில் உறுதிசெய்ய அரசு அங்கீகரித்த டிஜிட்டல் சான்றிதழும் அதே வழியில்தான் இயங்கியது. அதனால் இணையத்தில் பணம் கட்ட வேண்டுமென்றால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் முடியாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அந்தச் சான்றிதழின் தனி உரிமை சட்டப்படி நீங்கியது 2020 டிசம்பரில்தான்.

கேள்வி: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதே, இனி என்ன செய்வது? – வாசகர், திருச்சி

2022 ஜூன் 15-இல் ஆதரவு முடிந்தது. 2023 பிப்ரவரியில் பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் அது திறக்காதபடியும் செய்துவிட்டார்கள். ஆனால் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசருக்குள் ‘ஐஇ மோடு’ இருக்கிறது; பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஇ) முறையிலேயே திறக்கும் வசதி அது. குறைந்தது 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு.

எட்ஜ் செட்டிங்ஸில் ‘டீஃபால்ட் பிரவுசர்’ பகுதிக்குப் போங்கள். ஐஇ மோடில் பக்கங்களைத் திறக்க அனுமதிக்கும் வரியில் ‘அலவ்’ கொடுத்து எட்ஜை மூடித் திறங்கள். பிறகு அதே இடத்தில் உங்கள் மென்பொருளின் முகவரியைச் சேருங்கள். முகவரிப் பட்டையின் இடப்பக்கம் பழைய ‘இ’ சின்னம் தெரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள்.

இப்படிச் சேர்த்த முகவரி 30 நாளில் காலாவதியாகும். ‘போன மாதம் ஓடியது, இன்று ஓடவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஐடி பிரிவு எக்ஸ்எம்எல் கோப்பில் தளப் பட்டியல் எழுதி, குரூப் பாலிசி (அலுவலகக் கணினிகளின் செட்டிங்குகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் வசதி) வழியாக எல்லாக் கணினிகளுக்கும் அனுப்ப வேண்டும். ‘அலவ்’ கொடுக்கும் அந்தச் செட்டிங் மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் பாலிசி பூட்டியிருக்கிறது. ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும். பாஸ்வேர்டு கொடுத்ததும் மறுபடி மறுபடி லாகின் பக்கமே வந்தால், லாகின் சர்வர் வேறு முகவரியில் இருக்கக்கூடும். அதைப் பட்டியலில் ‘நியூட்ரல்’ தளமாக, அதாவது எந்த மோடிலிருந்து வந்தோமோ அதே மோடில் திறக்கும் தளமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் எழுதிய பக்கங்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது.

அந்த ஒரு முகவரிக்கு மட்டுமே ஐஇ மோடு. ஆக்டிவ்எக்ஸ் நிரல் கணினியில் உங்களுக்குள்ள அனுமதி அத்தனையோடும் ஓடக்கூடியது. வெளித்தளங்களை அதில் திறக்கவே கூடாது.

கேள்வி: எங்கள் குரோம் 109-ஆம் பதிப்பிலேயே நிற்கிறது. கோளாறா? – வாசகர், சிவகாசி

கோளாறு இல்லை, உங்கள் கணினியில் விண்டோஸ் 7 அல்லது 8.1 இருக்கும். அவற்றில் ஓடும் கடைசி குரோம் 109-தான். பிரவுசரை எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் பயனில்லை, விண்டோஸைத்தான் மாற்ற வேண்டும். ஏதோ ஒரு பழைய இயந்திரத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்காகப் பழைய விண்டோஸை வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்தக் கணினியை அந்த இயந்திரத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, வங்கி, மின்னஞ்சல் வேலைகளை வேறு கணினியில் பாருங்கள்.