இரவில் தரவு மொத்தமாக வந்து விழுவது ஏன்?

வணக்கம். கைப்பட்டையின் இதயத்துடிப்புத் தரவு இரவில் பத்து நிமிடம் நின்றுபோய், பிறகு ஒரே நொடியில் குவியலாகக் கிளவுடுக்கு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். சென்சாரை மாற்றிவிடாதீர்கள். எனக்கு, பட்டையின் தரவை வாங்கிக் கிளவுடுக்கு அனுப்பும் போனின் மேல்தான் சந்தேகம். ஆண்ட்ராய்டு 6.0 முதல் உள்ள 'டோஸ்' நிலையில், சார்ஜில் இல்லாமல் அசையாது கிடக்கும் போன் நெட்வொர்க் வேலைகளைத் தள்ளிப்போட்டுச் சேர்த்துச் செய்யும்.

இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் உண்மையான சிக்கல், சர்வரில் வந்து சேர்ந்த நேரத்தையே அளந்த நேரமாக எடுத்துக்கொண்டதுதான். பட்டையிலேயே ஒவ்வொரு அளவீட்டுக்கும் நேரமும் வரிசை எண்ணும் போடுங்கள். பட்டையின் கடிகாரமும் சரியான நேரத்திலிருந்து மெல்ல விலகும்: 20 பிபிஎம் (ppm, அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை என்றால் நாளுக்கு 1.7 நொடி. ஆகவே இணையும்போதெல்லாம் போன் நேரத்தோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தையும் பதிவு செய்யுங்கள். கருவிகள் சர்வருக்குச் செய்தி அனுப்பும் நெறிமுறையான எம்க்யூடிடி-யில் (MQTT) க்யூஓஎஸ் 1 (QoS 1, 'குறைந்தது ஒருமுறையாவது சேர்க்கும்' நிலை) வைத்தால் ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். வரிசை எண் இருந்தால் நீக்கிவிடலாம்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: ப்ளூடூத்தின் பொதுவான இதயத்துடிப்புச் சேவையில் ஆர்ஆர் இடைவெளியின் (அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு நடுவிலுள்ள நேரம்) அலகு மில்லிநொடி அல்ல, 1/1024 நொடி. அதை மாற்றாமல் கணக்கிட்டிருந்தால் உங்கள் ஆர்ஆர் இடைவெளிகள் எல்லாமே 2.4% கூடுதலாக இருக்கும். பழைய தரவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.