கேள்வி பதில்: சீமைக்கருவேலம் மண்டிய நிலத்தை மரப்பயிர்த் தோட்டமாக்குவது

(ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களை வைத்துக் கேட்கப்பட்டவை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே விழுந்துவிடும் பகுதி என்பதை மனதில் வைத்துப் படிக்கவும்.)

கேள்வி (பரமக்குடி): மூணு ஏக்கர் சீமைக்கருவேலத்தையும் ஜேசிபி வச்சு அழிச்சேன். அடுத்த மழைக்கே திரும்பப் பச்சைப் பசேல்னு வந்துடுச்சு. என்னதான் பண்றது?

இரண்டு விதமாக முளைத்திருக்கும், பிரித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் நாலைந்து கிளையாகக் கொத்தாக வந்தால் அது பழைய தூர். ஒற்றைக் குச்சியாக வந்தால் விதை.

தூரில் மொட்டு இருப்பது தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான், ஆழத்து வேரில் இல்லை. மண்மட்டத்துக்குக் கீழே ஓர் அடி தோண்டி, அந்தக் கழுத்துக்கு அடியில் வெட்டி எடுத்துவிட்டால் திரும்ப வராது. இயந்திரம் இழுக்கும்போது பெரும்பாலும் மேலே முறிந்து கழுத்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மண்வெட்டி, கடப்பாரையோடு ஆள் இறங்கித் தோண்டுவதையே பரிந்துரைக்கிறேன். தூர்க்கட்டைக் கரி கனமானது, கிளைக் கரியைவிட நல்ல விலைக்குப் போகும். அதனால் தோண்டும் கூலியில் ஒரு பகுதி கரியிலேயே திரும்பி வரும்.

விதை பல வருடம் மண்ணில் உறங்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும், கன்று நாலு விரல் உயரம் இருக்கும்போது, ஈரத்திலேயே கையால் பிடுங்குங்கள். இரண்டு மாதம் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு கடப்பாரைதான். குறைந்தது மூன்று மழைக்காலம் இதைச் செய்ய வேண்டும். நிலத்தை வெறுமையாக விடாமல் தட்டைப்பயறோ கொழுக்கட்டைப்புல் என்ற தீவனப்புல்லோ நெருக்கமாக விதைத்தால் பிடுங்கும் வேலை குறையும்.

கேள்வி (கமுதி): சுத்தம் பண்ணின மண்ணை வரப்போரமா ஒதுக்கிட்டோம். பரவாயில்லையா?

திரும்பப் பரப்பிவிடுங்கள். சீமைக்கருவேலம் பயறு வகைக் குடும்பத்து மரம். அதன் நிழலில் வருடக்கணக்காக உதிர்ந்த இலை, அந்த மேல் மண்ணில் தழைச்சத்தும் மட்கும் சேர்த்திருக்கும். அந்த நிலத்திலேயே நல்ல மண் அதுதான். அதை ஒதுக்கிவிட்டு அடிக்களிமண்ணில் கன்று வைப்பதால்தான் பல தோட்டங்கள் முதல் வருடமே வதங்குகின்றன.

கேள்வி (முதுகுளத்தூர்): எங்க மண்ணுக்கு எந்த மரம் வரும்?

முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஓர் அடி ஆழத்திலும் மூன்றடி ஆழத்திலும் தனித்தனியாக மண் எடுங்கள். மேலே நன்றாக இருந்து கீழே உப்பு நிற்கும் நிலம் இந்தப் பக்கம் நிறைய. கார அமில நிலை 8.5க்கு மேல் போனால் களர், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4 dS/m-க்கு மேல் போனால் உவர். களருக்கு ஆய்வகம் சொல்லும் அளவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, கரையும் உப்பை வடிக்க வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது வீண் செலவு.

நெல்லி, கொடுக்காப்புளி, இலந்தை, புங்கன், வேம்பு, பனை இவை ஓரளவு களரையும் உவரையும் தாங்கும். மண் நன்றாக இருந்தால் மா, கொய்யாகூட வரும். கமுதி அருகே பஞ்சாபிலிருந்து வந்த விவசாயிகள் இதே மாதிரி நிலத்தில்தான் அவற்றைத் தோப்பாக்கினார்கள். ஆனால் அதற்குத் தண்ணீர் வசதி வேண்டும். மானாவாரியில் மகோகனி வைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி (சாயல்குடி): குழி அளவு, இடைவெளி சொல்லுங்க.

ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்றால் ஏக்கருக்கு 160 கன்று. இரண்டடி நீள, அகல, ஆழம். சித்திரையில் தோண்டி வெயிலில் காயவிட்டு, மேல் மண், ஒரு கூடை மட்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு சேர்த்து ஆவணிக்குள் மூடிவிடுங்கள். நடவு ஐப்பசியில்.

களிமண்ணில் ஒரு கவனம். மண்வெட்டி பட்ட குழிச்சுவர் மழமழவென்று பூசினாற்போல் ஆகிவிடும். வேர் அதைத் துளைக்காமல் உள்ளேயே சுற்றும், மழைத் தண்ணீரும் தேங்கி அழுகும். மூடுவதற்கு முன் நாலு பக்கமும் கடப்பாரையால் கொத்திவிடுங்கள். குழிக்குள் வெறும் மணலை நிரப்பாதீர்கள். தரையைவிட அரையடி மேடாக்கி நடுங்கள்.

தை பிறந்ததும் வாரம் ஒரு முறை 15 லிட்டர், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே பரவி, பங்குனி வெயிலில் கருகும். காய்ந்த இலை, வைக்கோலால் நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள், தண்டில் ஒட்டாமல்.

கேள்வி (கடலாடி, மகளிர் குழு): நாங்க கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவங்க, சொந்த நிலம் கிடையாது. எல்லாரும் கருவேலத்தை அழிச்சா எங்க வேலை என்னாகும்?

நிலத்துக்காரர்கள் முதலில் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான் அக்கா. நாலைந்து டன் விறகு எரித்தால்தான் ஒரு டன் கரி. ஒரே மூச்சில் அழித்தால் உங்களுக்கு ஒரு வருடம் வேலை நிறைய இருக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது. நிலத்தை மூன்று பட்டையாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்றாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நிற்கும் பட்டை இளங்கன்றுக்குக் காற்றுத் தடுப்பாகவும் இருக்கும். ஆனால் அதில் காய் பழுக்கும் முன் கிளை கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை மறுபடி விழும்.

அடுத்து, ஊடுபயிர் உரிமை. மரம் நிழல் கட்டும் வரை, மூன்று வருடத்துக்கு, வரிசைக்கு நடுவில் உளுந்து, தட்டைப்பயறு, துவரை போட்டுக்கொள்ளும் உரிமையைக் குழு வாங்கலாம். அதற்குப் பதிலாகக் கருவேலக் கன்று பிடுங்குவதும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் குழுவின் பொறுப்பு. எந்தப் பட்டை, எத்தனை வருடம், விளைச்சல் யாருக்கு, தீவனப்புல் யாருக்கு, கன்று செத்தால் மாற்றுக் கன்று யார் செலவு என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக விட்ட இடத்தில், மரம் காய்க்கத் தொடங்கியதும் குழுவை வெளியேற்றிவிடுகிறார்கள்.

தோண்டும் வேலைக்குத் தூர் கணக்கில் கூலி பேசினால் வயதானவர்கள் அடிபடுவார்கள். நாள் கூலியாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகையாக, அவரவர் வங்கிக் கணக்கில் கேளுங்கள். சட்டமும் அதே வேலைக்கு அதே கூலி என்றுதான் சொல்கிறது.

கேள்வி (மானாமதுரை): எங்க ஊர்ல கால் முடியாத ரெண்டு பேர் வேலை கேக்குறாங்க. இதுல என்ன கொடுக்கலாம்?

நாற்றங்கால். தரையில் குத்தவைத்துப் பை நிரப்புவதுதான் சிரமம், மேசையில் வைத்தால் யாரும் செய்யலாம். மேசை இரண்டரை அடி உயரம், முழங்கால் நுழைய அடியில் காலி இடம், இரு மேசைக்கு நடுவே நாலு அடிப் பாதை, சக்கரம் புதையாமல் செம்மண் கொட்டி இறுக்கியது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு. வேப்பங்கொட்டை பொறுக்கி இரண்டு வாரத்துக்குள் ஊன்ற வேண்டும், அதற்குமேல் முளைப்பு சரியும். பைக்கு அடியில் வேர் வந்தால் மாதம் ஒரு முறை பையை நகர்த்தி நறுக்குங்கள். ஏக்கருக்கு 160 தேவையென்றால் 200 வளர்க்கவும். உதவியாளராக வைக்காதீர்கள், விதைப்பு, இருப்புக் கணக்குப் புத்தகத்தோடு முழுப் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள்.

கேள்வி (திருச்சுழி): ஆடு கிடை போடலாமா?

கருவேலங்காய் தின்ற ஆடு மாடு வந்தால் சாணத்தோடு விதையும் வரும், மாட்டுச் சாணத்தில் இன்னும் அதிகம். கிடைக்கு முன் ஒரு வாரம் காய் இல்லாத இடத்தில் மேயவிட்டுக் கூட்டி வரச் சொல்லுங்கள். தொழு உரத்தையும் நன்றாகச் சூடேற மட்கவைத்தே போடுங்கள்.

கேள்வி (இளையான்குடி): மூட்டத்துல மிஞ்சுற கரித்தூளை வயல்ல போடலாமா?

செம்மண்ணாக இருந்தால் போடலாம். மாட்டுக் கோமியத்தில் இரண்டு வாரம் ஊறவைத்து, தொழு உரத்தோடு கலந்து குழிக்கு ஒரு கிலோ. ஊறவைக்காமல் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். களர் நிலத்தில் வேண்டாம். கரியும் சாம்பலும் காரத்தன்மை உள்ளவை, ஜிப்சம் போட்டு இறக்கிய கார அளவை மறுபடி ஏற்றிவிடும்.