கழுகுக் காசில் கிறிஸ்துவின் முத்திரையா?

கேள்வி: எகிப்து போய்வந்த என் மைத்துனர் அலெக்சாந்திரியாவில் கனமான வெண்கலக் காசு ஒன்று வாங்கினார். ஒருபுறம் கொம்பு முளைத்த தாடிக்காரர். மறுபுறம் கழுகு, அதன் கால்களுக்கு நடுவே ‘எக்ஸ்’ மேல் ‘பி’ போட்ட கிறிஸ்துவின் முத்திரை. நடுவில் சிறு பள்ளம். ஆதி கிறிஸ்தவர்களின் தாயத்தா? புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: இரண்டுக்கும் ‘இல்லை’. இந்த வகைக் காசை அடித்த எகிப்தின் கிரேக்க வம்ச அரசர் மூன்றாம் தாலமி கி.மு. 222இல் இறந்தார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்தக் குறியைக் கையில் எடுத்தது கி.பி. 312 வாக்கில். காசில் இருப்பது கை (X), ரோ (P) என்ற இரு கிரேக்க எழுத்துகளைப் பின்னிய அக்கசாலைக் குறி, அதாவது காசு அடித்த கூடத்தின் அடையாளம், அவ்வளவுதான்.

தாடிக்காரர் அரசரும் அல்ல; ஆட்டுக்கடாக் கொம்புள்ள சீயஸ்-அம்மோன் என்ற கடவுள். எழுத்தைப் படித்தாலும் ‘தாலமி அரசருடையது’ என்றுதான் இருக்கும். அந்த வம்சத்தில் அப்பன், பிள்ளை, பேரன் எல்லோருக்கும் ஒரே பெயர். எத்தனையாவது தாலமி என்று காசில் போடுவதில்லை. ஆகவே கழுகுக்கு முன்னால் பழம் நிறைந்த வளக்கொம்பு இருக்கிறதா பாருங்கள். அதுவும் இந்தக் குறியும் சேர்ந்திருந்தால் மூன்றாம் தாலமி (கி.மு. 246–222). சிரியாவுக்குள் படை நடத்தியவர். நாட்காட்டியில் நாலு வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டச் சொன்ன எகிப்தியக் குருமாரின் கனோப்பஸ் தீர்மானமும் (கி.மு. 238) இவர் காலத்ததே, அதை ஊர் சட்டை செய்யவில்லை என்பது வேறு கதை.

பள்ளம் தாயத்துக்காகப் போட்ட துளை அல்ல. காசு அடிக்குமுன் வார்த்த வெற்று வட்டின் முகத்தைச் சீவிச் சமப்படுத்தும்போது அதைப் பிடித்திருந்த கூர்முனையின் தடம் என்பதே பொதுவான விளக்கம். பெரும்பாலும் இருபுறமும் நடுவில் இருக்கும். பெரிய காசு என்றால் விட்டம் 4 செ.மீ.க்குக் குறையாது, எடை ஏறக்குறைய 60–75 கிராம். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, முகத்தில் ஊசித்துளைகள், மழுங்கிய எழுத்து தென்பட்டால் அச்சில் வார்த்த போலி. சுற்றுலாக் கடைகளில் அது சகஜம்.

போலியாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள். எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் சட்டம் தொல்பொருள் வியாபாரத்தையே தடுத்துவிட்டது. அசல் என்றால் மைத்துனர் தேட வேண்டியது வக்கீலை.

புளி, எலுமிச்சை, பித்தளை பாலீஷ் எதுவும் வேண்டாம். அமிலம் பச்சைப் படலத்தைத் தின்றால் அதிலுள்ள எழுத்தும் போகும். கெட்டியான பச்சை நல்லது. விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூள்தான் நோய். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு உப்பு ஈரம் பட்டு அரிக்கிறது. சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வையுங்கள். தூள் மீண்டும் பூத்தால் அருங்காட்சியகப் பாதுகாப்பு வேதியியலாளரிடம் காட்டுங்கள்.