படம் போனால் போகட்டும், குரல் போகக் கூடாது: ஆன்லைன் வகுப்புக் கேள்வி பதில்

ஆன்லைன் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகள் கல்லூரி முதலாம் ஆண்டு. போனே போதுமா, லேப்டாப் வாங்கியே ஆக வேண்டுமா?

பாடம் கேட்க போன் தாராளமாகப் போதும். பத்துப் பக்கத்துக்கு அசைன்மென்ட் தட்டுவதற்கோ, எக்செல், புரோகிராமிங் என்று உட்கார்வதற்கோ போன் சரிப்படாது. ஆனால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதல் ஓரிரு வாரம் போகட்டும். என்ன மென்பொருள் தேவைப்படும் என்று ஆசிரியர்களே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு வாங்கும்போது 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பழைய லேப்டாப் முடங்கிக் கிடந்தால், அதில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். பல பழைய மெஷின்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

நான் ஆசிரியை. பாடம் நடத்தும்போது என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது. மைக்கை மாற்றியும் போகவில்லை.

போகாது அம்மா, கோளாறு உங்கள் பக்கம் இல்லை. உங்கள் குரல் ஏதோ ஒரு மாணவரின் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து, அதே போனின் மைக்குக்குள் நுழைந்து உங்களுக்குத் திரும்புகிறது. எதிரொலியை உண்டாக்குகிறவருக்கு அது கேட்காது, மற்ற எல்லோருக்கும் கேட்கும். அதனால்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நீங்கள் பேசும்போது, பேசாத யாருடைய கட்டத்தைச் சுற்றி வெளிச்சம் வருகிறது என்று கவனியுங்கள். ஆள் அவர்தான். அவரை மியூட் செய்தால் தீர்ந்தது.

ஒரே அறையில் இரண்டு போனில் ஒரே வகுப்பைத் திறந்து வைத்தால் வீல் என்று அலறுவதும் இதே காரணத்தால்தான். ஒன்றில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

ஒலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லோரும் கேமராவுக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். படம் மங்கலாக இருந்தாலும் பாடம் புரியும். குரல் விட்டுவிட்டு வந்தால் பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் கவனம் சிதறிவிடும். முதல் செலவு எதற்கு என்று கேட்டால், வயர் உள்ள ஒரு சாதாரண இயர்போனுக்கு என்றுதான் சொல்வேன். அதன் வயரில் சின்னதாக ஒரு உருளை தொங்குமே, மைக் அதற்குள்தான் இருக்கிறது. அது சட்டைக் காலரில் உரசினால் கேட்பவர்களுக்குச் சரசரவென்று மணல் கொட்டுகிற மாதிரி இருக்கும். துணியில் படாதபடி ஒரு கிளிப் போட்டு நிறுத்துங்கள். வகுப்புக்கு முன்னால் போனின் ரெக்கார்டரில் அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் குரல் மற்றவர்களுக்கு எப்படிப் போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்பீட் டெஸ்டில் 50 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் நான் பேசும்போது மட்டும் உறைந்துவிடுகிறது.

அந்த 50 டவுன்லோடு. நீங்கள் பேசுவது போவது அப்லோடில். அதே டெஸ்டில் அப்லோடு எண்ணையும் பாருங்கள். சாதாரணத் தரத்தில் வீடியோ போக 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) அளவு நிலையாகக் கிடைத்தாலே போதும். அந்த எண்ணும் சரியாக இருந்தால், வீட்டில் யாருடைய போனாவது அந்த நேரத்தில் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். சத்தமில்லாமல் அப்லோடை எல்லாம் விழுங்குவது பெரும்பாலும் அதுதான்.

வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரவுட்டர் வேறு அறையில் இருந்தால் 2.4-க்கு மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பில் கேபிள் செருக இடம் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

எங்களிடம் மொபைல் டேட்டா மட்டும்தான். ஒரு மணி நேர வகுப்புக்கு எவ்வளவு ஆகும்?

கணக்கு எளிது. எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி. நொடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. ஒலி மட்டும் என்றால் 100 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும், அதாவது மணிக்கு 45 எம்பி. பத்தில் ஒரு பங்கு!

உங்கள் கேமராவை அணைத்தால் நீங்கள் அனுப்புகிற டேட்டா மட்டும்தான் மிச்சப்படும். உள்ளே வருகிற படங்களையும் நிறுத்தினால்தான் உண்மையான சேமிப்பு. ஜூமில் வரும் வீடியோவை நிறுத்துவதற்கென்றே வசதி இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பிள்ளையிடம் "கேமராவைப் போடு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு மறுநாள் வகுப்பே இல்லாமல் போகலாம்.

டியூஷன் எடுக்கிறேன். 40 நிமிடத்தில் வகுப்பு கட்டாகிவிடுகிறது.

ஜூமின் இலவசக் கணக்குக்கு அதுதான் வரம்பு. கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். சின்னப் பிள்ளைகள் என்றால் பணம் கட்டாதீர்கள். 40 நிமிடத்தில் நிறுத்தி, எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் கண்ணுக்கும் அது நல்லது. லிங்க்கைப் பொதுக் குழுக்களில் போடாமல், காத்திருப்பு அறையையும் (நீங்கள் அனுமதிக்கும்வரை வருகிறவர்களை வெளியே நிறுத்தும் வசதி) போட்டு வையுங்கள். தெரியாத ஆட்கள் நுழைய மாட்டார்கள்.

எனக்கு 68 வயது. பேரனோடு நான்தான் உட்கார வேண்டும். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தொட்டால் எதுவும் கெடாது பாட்டி. மூன்றே மூன்று பட்டன்தான் தெரிய வேண்டும்: மைக், கேமரா, வெளியேறுவது. மைக் படத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தால் நாம் பேசுவது யாருக்கும் கேட்காது. கோடு இல்லையென்றால் அடுக்களைச் சத்தம்கூடக் கேட்கும். தவறி வெளியே வந்துவிட்டால் அதே லிங்க்கை மறுபடி தொடுங்கள், பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு போனை நீங்களும் இன்னொன்றைப் பேரனும் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், அவன் கேட்கட்டும்.